ஸ்கூட்டர் கராஜில் ஒரு ட்ரங்க் கால்

நேற்று மத்தியானம் குழந்தைக்குப் பின்னால் நின்றுகொண்டு எவர்சில்வர் தாம்பாளத்தைக் கரண்டியால் ஓங்கி அடித்தேன். அவளுக்குக் காது கேட்கிறதா என்று பார்ப்பதற்காக. எட்டு மாதம் ஆகிறது. குக்கர் விசிலுக்கு எழுந்திருப்பதில்லை. பால்கனிக்குக் கீழே பழைய பேப்பர் வாங்கும் கபாடிவாலா கத்தினால் திரும்புவதில்லை. டாக்டர் இரண்டு முறை பார்த்துவிட்டு, காதெல்லாம் நன்றாக இருக்கிறது, நீங்கள்தான் கொஞ்சம் தூங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். நான் தலையாட்டிவிட்டு வந்து மறுநாளே தாம்பாளத்தை எடுத்தேன். ஒரு நாளைக்கு மூன்று தடவை. அடுத்த மாதம் மாமியார் வந்தால் நிறுத்திவிடுவேன்.

நேற்றைய அடி கொஞ்சம் பலமாகிவிட்டது. அந்த அதிர்வு கரண்டி வழியாக மணிக்கட்டில் ஏறி முழங்கை வரை வந்து நின்றது. எனக்கு அது தெரிந்த அதிர்வு. ஏழு வருஷத்துக்கு முன்னால், ஆர்.கே.புரத்தில், மூன்று பக்கம் செங்கல்லும் ஒரு பக்கம் தகரக் கதவுமாக இருந்த ஒரு ஸ்கூட்டர் கராஜில், தினமும் மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை அது என் கையில் இருந்தது. நான் ஒரு பங்க் ராக் குழுவில் இருந்தேன்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, என் கணவரிடமே இதை முழுதாகச் சொன்னதில்லை. கல்யாணமான புதிதில், ஒரு பாட்டுக் குழுவில் இருந்தேன் என்று மட்டும் ஆரம்பித்தேன். அவர் திருப்புகழ்க் குழு என்று எடுத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. யோசித்துப் பார்த்தால் அது முழுக்கப் பொய்யும் இல்லை. எங்கள் ஒலிபெருக்கி திருப்புகழ்க் குழுவினுடையதுதான்.

அப்பா மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீஸர். எங்கள் செக்டர் திருப்புகழ்க் குழுவுக்கு அவர்தான் காரியதரிசி. முதுகுவலி வந்து ஸ்கூட்டரை விற்றபின் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு ஒதுக்கிய கராஜ் சும்மா கிடந்தது. ஆகவே குழுவின் ஆம்ப்ளிஃபயர், மைக் இரண்டு, ஸ்பீக்கர் பெட்டி, ஜமக்காளம் எல்லாம் அங்கே வந்து சேர்ந்தன. சாவி சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். இப்போதும் மண்ணெண்ணெயும் பாச்சாவுருண்டையும் கற்பூரமும் கலந்து ஒரு வாசனை எங்காவது வந்தால், என் இடது கை விரல்கள் தாமாக மடங்குகின்றன.

யோசனை சித்ராவுடையது. சித்ரா எங்கள் தலைக்கு மேலே, மாடி வீட்டில் இருந்தாள். கல்லூரியிலும் என் வகுப்புதான். திருச்சிக்காரர்கள். அவள் அப்பா கரோல் பாக்கில் ஒரு தனியார் கம்பெனியில் ஸ்டெனோ. அரசாங்க உத்தியோகம் இல்லாதவர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் எப்படி என்று கேட்பீர்கள். வீடு மிஸ்ராஜி என்பவர் பெயரில் இருந்தது. அவர் தன் சொந்த வீட்டில் இருந்துகொண்டு இதை இவர்களுக்கு உள்வாடகைக்கு விட்டிருந்தார். வாசலில் மிஸ்ராஜியின் பெயர்ப்பலகைதான். யாராவது வந்து கேட்டால், மிஸ்ரா அங்கிள் டூர் போயிருக்கிறார், நாங்கள் விருந்தாளிகள் என்று சொல்ல வேண்டும். சித்ரா வீட்டில் மட்டுமல்ல, பிளாக் முழுக்க எல்லாப் பிள்ளைகளுக்கும் இது பாடம். என்னிடம் யாராவது கேட்டாலும் அதையேதான் சொல்ல வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தாள். மிஸ்ராஜி நாலு வருஷமாக டூரில் இருந்தார். எங்கள் பிளாக்கின் பன்னிரண்டு வீடுகளில் இப்படி மூன்று பேர் டூரில் இருந்தார்கள். யாரும் யாரையும் காட்டிக்கொடுத்ததில்லை. வெளியில் தெரிந்தால் வீட்டுக்காரருக்கு ஒதுக்கீடு போகும். குடியிருப்பவர்கள் அப்படியே தெருவுக்கு வர வேண்டும்.

எங்களோடு இன்னும் இருவர். ஹர்ப்ரீத், மார்க்கெட் முனையில் டாக்சி ஸ்டாண்ட் வைத்திருந்தவருடைய மகன். கித்தார் வாசிப்பான், அதாவது மூன்று இடத்தில் விரல் வைக்கத் தெரியும். லண்டனில் இருந்த அவன் சித்தி மகன் ஒரு காசெட் கொண்டுவந்திருந்தான். அதில் யாரோ நாலு பேர் கோபமாக, ரொம்ப வேகமாக, சுருதியே சேராமல் கத்தினார்கள். என்ன கோபம் என்று எங்களுக்குப் புரியவில்லை. ஆனால் சுருதி சேர வேண்டாம் என்பது மட்டும் புரிந்தது. அதுவே போதும் என்றாள் சித்ரா. இன்னொருவன் தேபு, வங்காளிப் பையன், பக்கத்து பிளாக். பள்ளிக்கூட பேண்டிலிருந்து திருப்பிக் கொடுக்க மறந்த ஒரு டிரம்மும், பதினைந்து கிலோ கடுகெண்ணெய் டின் ஒன்றும் அவனுடையவை.

நான் எதற்கு என்றால், செங்கோட்டைக்குப் பின்னால் கூடும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஹர்ப்ரீத் ஒரு பேஸ் கித்தார் வாங்கி வந்துவிட்டான். அதை வாசிக்க ஆள் இல்லை. சித்ரா என்னைப் பார்த்தாள்.

‘உனக்குத்தான் வீணை தெரியுமேடி. இதுக்கும் நாலு கம்பிதான்.’

ஒன்பது வயதிலிருந்து வீணை கற்றுக்கொண்டவள் நான். நின்றுகொண்டு எனக்கு எதையும் வாசிக்க வராது. நின்றால் இடது கை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. ஆகவே ஜமக்காளத்தை விரித்து, சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்தக் கனத்த மரத்தை மடியில் கிடத்தி, வீணை மாதிரி மேலிருந்து விரல் வைத்து வாசித்தேன். ஹர்ப்ரீத் தலையில் அடித்துக்கொண்டான். ‘அரே யார், யே பங்க் ஹை, பூஜா நஹீ’ என்றான். இது பூஜை இல்லை என்று எனக்கும் தெரியும். பழக்கம் போகவில்லை. கமகம் வேறு தானாக வந்து விழும்.

குளிர்காலம் என்பதால் ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வை ஒரு வசதி. வீட்டில் அதிகமாக இருந்த பழைய ரஜாய்களைச் சுவரிலும் தகரக் கதவிலும் கட்டித் தொங்கவிட்டோம். சத்தம் வெளியே போகாது என்று நினைப்பு. கொஞ்சம் போயிருக்கும். அந்த நேரத்தில் ஆண்கள் எல்லாரும் ஆபீஸில். அம்மாக்கள் மத்தியானத் தூக்கத்தில். ஐந்தே முக்காலுக்கு ஆபீஸ்காரர்களின் சார்ட்டர்டு பஸ் வந்து நிற்பதற்குள் கராஜைப் பூட்டி, சாவி ஆணிக்குப் போய்விட வேண்டும். என் அம்மாவிடம் சித்ராவோடு கராஜில் பாட்டுப் பயிற்சி என்று சொல்லியிருந்தேன். பையன்களைப் பற்றிச் சொல்லவில்லை. அம்மா கேட்கவில்லை, கேட்காததால் சொல்லவில்லை என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மைக்கில் விபூதி வாசனை அடிக்கும். சித்ரா அதைத் துப்பட்டாவால் துடைத்துவிட்டுப் பாட ஆரம்பிப்பாள். பாடுவது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். தோசைக்கல்லில் கத்தியால் சுரண்டுகிற மாதிரியான குரல் அவளுக்கு. அவள் பாட்டு வாத்தியார் இரண்டு மாதத்தில் விட்டுவிட்டுப் போனவர். கராஜில் மட்டும் அந்தக் குரல் சரியாக இருந்தது. அதற்கு இடம் கிடைத்த மாதிரி.

எங்களுக்கென்று ஒரே ஒரு சொந்தப் பாட்டுத்தான். அது எங்கள் வீட்டு ட்ரங்க் காலிலிருந்து வந்தது. பிளாக்கில் எங்கள் வீட்டில் மட்டும்தான் ஃபோன். மாதம் ஒருமுறை அப்பா திருநெல்வேலிக்கு ட்ரங்க் கால் புக் செய்வார். நாலு மணி நேரம் காத்திருந்து லைன் கிடைத்ததும், இருக்கிற மூன்று நிமிடத்தில் முதல் நிமிடம் முழுக்க, ‘கேக்குதா? ஏய், கேக்குதா?’ என்று கத்துவார். இரண்டாம் நிமிடம், ‘மழ உண்டா? கொளம் பெருகிச்சா?’ மூன்றாவது நிமிடம் ஏதாவது முக்கியமானதைச் சொல்ல வாயெடுக்கும்போது, நடுவில் ஆபரேட்டர் வந்து ‘தீன் மினட் ஹோ கயா’ என்பாள். மூன்று நிமிடம் ஆகிவிட்டது. லைன் போய்விடும். மேல் மாடியிலிருந்து சித்ரா இதை வருஷக்கணக்காகக் கேட்டிருக்கிறாள். அதைத்தான் பாட்டாக்கினாள். கேக்குதா, கேக்குதா என்று அவள் கத்துவாள். நாங்கள் மூவரும் பின்னால் அடித்துக்கொண்டிருப்போம். மழை உண்டா. கேக்குதா. சரியாக மூன்று நிமிடத்தில் தேபு மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆபரேட்டர் குரலில் ‘தீன் மினட்’ என்பான். உடனே எல்லாரும் நிறுத்திவிட வேண்டும், எங்கே இருந்தாலும். குழுவுக்கும் அதே பெயர்: ட்ரங்க் கால்.

ஒரு சங்கடம். காசெட்டில் வரும் உறுமல் எங்களுக்கு வரவில்லை. திருப்புகழ் ஸ்பீக்கர் ரொம்பத் தெளிவாகப் பேசியது. ஹர்ப்ரீத் எங்கேயோ கேட்டுவிட்டு வந்து, ஸ்பீக்கருக்குள் இருக்கும் காகிதக் கூம்பில் பிளேடால் மெல்லிசாக நாலு கீறல் போட்டான். உறுமல் வந்துவிட்டது. எங்களுக்குச் சந்தோஷம். சனிக்கிழமை என்று ஒன்று வரும் என்பது எங்கள் நால்வருக்குமே தோன்றவில்லை.

சனிக்கிழமை வந்தது. ஆடிட் ஆபீஸர் ஒருவர் வீட்டில் பஜனை. அவரே பெரிய பாடகர். கண்ணை மூடிக்கொண்டு முதல் வரியை எடுத்தார். மலையேறும் லாரி கியர் மாற்றுகிற மாதிரி வந்தது. மாமிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி பாடினார். மறுபடி லாரி. சித்ரா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அன்றைக்குப் பார்த்து சேலை கட்டியிருந்தாள். அப்பா எழுந்து போய் ஸ்பீக்கர் பெட்டியின் மேல் கையை வைத்துப் பார்த்தார். பிறகு என்னை ரொம்ப நேரம் பார்த்தார். அவ்வளவு நேரம் பார்த்தாரா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

‘பனி எறங்கிருச்சி போல. நா ரிப்பேருக்குக் குடுத்துருதேன்’ என்றார்.

அவர் கொடுக்கவில்லை. அடுத்த வாரம் யாரிடமிருந்தோ வேறு ஸ்பீக்கர் இரவல் வந்தது. எங்களுடையது கராஜிலேயே இருந்தது.

பிப்ரவரியில் ஒரு கல்லூரி விழாவில் எங்களுக்கு இடம் கிடைத்தது. ஏஷியாட் விளையாட்டுப் போட்டிக்காக ஊரைத் தோண்டிப் போட்டிருந்த சமயம். ஹர்ப்ரீத்தின் அப்பாவுடைய டாக்சியில் போய் இறங்கியபோது எங்கள் தலையெல்லாம் மண். மேடையில் ஏறியதும்தான் எனக்கு உறைத்தது, அங்கே ஜமக்காளம் இல்லை. நின்றேன். கை வரவில்லை. முதல் பாட்டு என்னால் கெட்டது. ஆகவே, வேறு வழி தெரியாமல், மேடையின் வெறுந்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கூட்டம் முழுக்கச் சிரித்தது. ‘ஹார்மோனியம் லாவோ’ என்று, பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி யாரோ கத்தினார்கள். எனக்கு எழுந்து போய்விட வேண்டும் போல இருந்தது.

சித்ரா மைக்கைத் தண்டிலிருந்து உருவினாள். வந்து என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தொடையைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டே, ‘ஹலோ, கேக்குதா?’ என்று ஆரம்பித்தாள். ஹர்ப்ரீத் கொஞ்சம் யோசித்துவிட்டு அவனும் உட்கார்ந்தான். தேபு ஏற்கனவே உட்கார்ந்துதான் இருந்தான். கச்சேரி மாதிரி வரிசையாக உட்கார்ந்து அந்த மூன்று நிமிடத்தையும் வாசித்தோம். எங்கள் வாழ்நாளிலேயே சேர்ந்து நிறுத்தியது அன்றைக்குத்தான். சிரித்தவர்கள் கை தட்டினார்களா என்றால், கொஞ்சம் பேர் தட்டினார்கள். மூன்றாவது பாட்டுக்கு முன்னால் அமைப்பாளர்கள் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்கள். அதுதான் எங்கள் முதல் நிகழ்ச்சி. கடைசியும்.

பத்து நாள் கழித்து, மூன்றரை மணிக்கு, வாசலில், குவார்ட்டர்ஸ் ஒதுக்கும் எஸ்டேட் ஆபீஸிலிருந்து ஒருவர் ஃபைலோடு நின்றார். பையன்கள் இன்னும் வரவில்லை. மொட்டைக் கடிதம் ஒன்று போயிருந்தது: எங்கள் கராஜில் வெளியாட்கள் தினமும் வந்து போகிறார்கள், வாடகைக்கு விட்டிருக்கிறார்கள் என்று. அம்மாவுக்கு இந்தி வராது. அடுப்படியில் நின்றுகொண்டு, ‘என்னளா, என்ன கேக்காரு?’ என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு கீழே போனேன்.

அப்பா ஓய்வு பெற ஐந்து மாதம் இருந்தது. வீட்டின் மேல் புகார் எதுவும் இல்லை என்று அந்த ஆபீஸ் ஒரு காகிதம் கொடுத்தால்தான் பென்ஷன் பணம் ஒழுங்காக வரும். இது எனக்குத் தெரியும். என் ஜாதகம் அப்போது இரண்டு இடத்துக்குப் போயிருந்தது. அதுவும் தெரியும். கதவைத் தூக்கினேன். ரஜாய்கள், பெட்டி, டின், ஹர்ப்ரீத்தின் கித்தார். மூலையில் சிகரெட் துண்டு ஒன்று.

‘யே கிஸ்கா ஹை?’ என்றார். யாருடையது இதெல்லாம்? குரலில் கடுமையே இல்லை. அவருக்கும் டீ நேரம்.

என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். நண்பர்கள், பாட்டு வாசிக்கிறோம் என்றால் வாடகைக் குற்றம் இல்லை; அவர் எழுதிக்கொண்டு போயிருப்பார். இரண்டு பெண்களும் இரண்டு பையன்களும் என்று எழுதியிருப்பார், அவ்வளவுதான். இதை நான் யோசித்துக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. அப்போது வாயில் வந்தது வேறு.

‘ஹமாரா நஹீ ஹை. ஊபர்வாலோன் கா ஹை. கிராயேதார் ஹைன் வோ.’

எங்களுடையது இல்லை, மாடிக்காரர்களுடையது, அவர்கள் வாடகைக்கு இருப்பவர்கள். பிளாக்கில் பேசத் தெரிந்த குழந்தைகூடச் சொல்லாத வார்த்தையை நான் சொன்னேன். பி.ஏ. இரண்டாம் வருஷம்.

அவர் அதுவரை பேனா மூடியைத் திறக்கவில்லை. இப்போது திறந்தார். ஃபைலில் விரல் வைத்துத் தேடி, ‘ஊபர் தோ மிஸ்ரா ஹை’ என்றார். மாடியில் மிஸ்ராதானே. அவர் படியேறிப் போனார். மணி அடித்தது. சித்ராதான் கதவைத் திறந்தாள். மிஸ்ரா அங்கிள் டூர் போயிருக்கிறார், நாங்கள் விருந்தாளிகள் என்று அவள் நல்ல இந்தியில், ரொம்ப உற்சாகமாக, ஒரு தப்புமில்லாமல் சொன்னது எனக்குக் கீழே கேட்டது. நான் கராஜ் கதவை இறக்கிப் பூட்டினேன்.

மூன்று வாரத்தில் காலி செய்ய வேண்டியதாயிற்று. யமுனைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு விஹாரில் ஒற்றை அறை என்றார்கள். டெம்போ வந்து நின்றபோது சித்ரா எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் பொருளியல் நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். கண் வீங்கியிருந்தது, ஆனால் சிரித்தாள்.

‘எவனோ போட்டுக் குடுத்துட்டான்டி. போகட்டும். உங்கப்பாவுக்கு ஒண்ணும் ஆகலயில்ல?’

‘இல்ல’ என்றேன்.

‘நல்ல வேள’ என்றாள்.

அவளுக்குத் தெரிந்திருந்ததா என்று ஏழு வருஷமாக யோசிக்கிறேன். தெரியாமல் கேட்டிருந்தால் ஒரு மாதிரி இருக்கிறது. தெரிந்தே கேட்டிருந்தால் இன்னொரு மாதிரி. அழுகை வந்ததா என்றால் அப்போதும் வரவில்லை. நோட்டை அலமாரியில் அடுக்கினேன். பரீட்சை ஹாலில் எனக்கு இரண்டு மேஜை முன்னால் அவளுடைய எண் ஒட்டியிருந்தது. அவள் வரவில்லை. கடைசித் தாள் வரைக்கும் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். நல்ல மார்க் வந்தது.

அப்பா என்னை ஒன்றும் கேட்கவில்லை. ரஜாய்களை அவரே அவிழ்த்து மடித்தார். ‘இனிமே கராஜ்ல சாமி சாமான் மட்டும் இருக்கட்டும்’ என்றார். ஹர்ப்ரீத் பேஸ் கித்தாரை எடுத்துக்கொண்டு போனான். எண்பத்து நாலு நவம்பர்க் கலவரத்துக்குப் பிறகு அந்த டாக்சி ஸ்டாண்ட் அங்கே இல்லை. நான் அப்போது கல்யாணமாகி இங்கே வந்துவிட்டேன். போய் விசாரித்திருக்கலாம். தேபுவுக்குக் கல்கத்தாவில் வேலை என்று யாரோ சொன்னார்கள். எங்கள் பாட்டை யாரும் பதிவு செய்யவில்லை. காலி காசெட் வாங்க வேண்டும் என்று பேசிக்கொண்டே இருந்தோம்.

இப்போது நானும் யமுனைக்கு இந்தப் பக்கம்தான். மயூர் விஹாரில் காய்கறி வண்டியைச் சுற்றி நிற்கும் தமிழ்ப் பெண்களில் யாராவது உரக்கப் பேரம் பேசினால் திரும்பிப் பார்ப்பேன். போன தை மாதம் மலை மந்திர் கோவிலுக்குப் போனபோது பழைய பிளாக் பக்கம் ஆட்டோவை விடச் சொன்னேன். கராஜ் வரிசையை இடித்துவிட்டுக் கார் நிறுத்தத் தளம் போட்டிருந்தார்கள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்ததால் இறங்கவில்லை.

நேற்றுத் தாம்பாளத்துக்கு அவள் திரும்பினாள். திரும்பி, என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மறுபடி தன் கிலுகிலுப்பையை எடுத்துக்கொண்டாள். தாம்பாளம் போதாது, குரலுக்கும் திரும்புகிறாளா என்று பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பின்னால் போய் நின்றுகொண்டு மெதுவாகக் ‘கேக்குதா’ என்றேன். அதற்கும் திரும்பினாள். மறுபடி சொல்லவில்லை.

சாயங்காலம் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு முனையில் புதிதாக வந்திருக்கும் எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். அப்பா இப்போது திருநெல்வேலியில் இருக்கிறார். பென்ஷன் ஒழுங்காக வருகிறது. புக் செய்ய வேண்டாம், காத்திருக்க வேண்டாம், நாமே எண்களைச் சுற்றினால் பக்கத்து அறையில் இருப்பது போலக் கேட்கிறது. ஆனாலும் அப்பா பழக்கத்தில் கத்தினார்.

‘கேக்குதா? ஏளா, கேக்குதா?’

‘கேக்குதுப்பா.’

குழந்தைக்குக் காது நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். மழை உண்டா என்று நானே கேட்டேன். உண்டு என்றார். அன்றைக்கு கராஜில் நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியுமா அப்பா என்று கேட்க வாயெடுத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மீட்டரில் சிவப்பு எண்கள் மூன்று நிமிடத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தன. முன்பானால் இந்த இடத்தில் லைன் போயிருக்கும். நடுவில் வந்து சொல்ல இப்போது யாரும் இல்லை.

‘வேற என்ன?’ என்றார் அப்பா.

‘ஒண்ணுமில்லப்பா’ என்று நானே வைத்தேன்.